தீ எச்சரிக்கைக் கட்டுப்பாட்டுப் பலகம்

தீ எச்சரிக்கைக் கட்டுப்பாட்டுப் பலகம் என்பது ஒரு கட்டடத்திலுள்ள புகை உணரிகள், வெப்ப உணரிகள், கண்ணாடியை உடைத்து அழுத்தும் விசைகள் ஆகியவற்றின் குறிப்புகளைப் பெற்று எச்சரிக்கை மணிகளை ஒலிக்கச் செய்யும் கருவியாகும். இந்தியாவில் இத்தகைய தொகுதிகளை நிறுவுவதற்கும் பராமரிப்பதற்கும் ஐ. எஸ். 2189 என்னும் தரநிலை உள்ளது.

அமைப்புகளை நிரலிடல்

முகவரியிடத்தக்க பலகங்களில் ஒவ்வோர் உணரிக்கும் தனி எண் வழங்கப்படுகின்றது. அவ்வெண்ணுடன் "இரண்டாம் மாடி, மருந்தறை" போன்ற இடப்பெயரும் பதியப்படும். எந்த உணரி தூண்டப்பட்டால் எந்த மணிகள் ஒலிக்க வேண்டும், மின்தூக்கி தரைத்தளத்திற்கு இறங்க வேண்டுமா என்பனவும் வரையறுக்கப்படும். இடப்பெயர் தவறாயின், மணி ஒலித்தும் மீட்போர் வேறு தளத்திற்குச் செல்ல நேரிடும். ஆகவே நிரலிட்ட பின் ஒவ்வோர் உணரியையும் தூண்டிச் சோதித்தல் இன்றியமையாதது. பழுதுபார்ப்பதற்காக முடக்கிய வலயத்தை மீண்டும் இயக்க மறந்தால், அப்பகுதியில் தீ ஏற்படினும் மணி ஒலிக்காது. இதனால் அமைப்புகளை மாற்றும் உரிமை கடவுச்சொல் உடையோருக்கு மட்டுமே அளிக்கப்படுகின்றது.

மாற்று மின்வழங்கல்

1997 சூன் 13 அன்று தில்லி உப்கார் திரையரங்கின் தரைத்தளத்தில் மின்மாற்றி தீப்பற்றியது. மின்சாரம் தடைப்பட்டது, மேல்மாடத்தில் இருந்தோருக்கு ஒலிபெருக்கி அறிவிப்பும் கிடைக்கவில்லை. புகையில் சிக்கி 59 பேர் இறந்தனர். மின்தடையின்போதும் எச்சரிக்கை ஒலிக்க வேண்டும் என்பதற்காகவே பலகத்தில் மின்கலங்கள் பொருத்தப்படுகின்றன.