பெங்களூரு வீடுகளில் சிசிடிவி: முகம் தெரியும்படி கேமரா பொருத்துவது எப்படி?

பெங்களூரு: கார்ப்பரேஷன் சர்க்கிள் அருகே உள்ள ஏடிஎம் மையத்தில் 2013 நவம்பர் 19-ஆம் தேதி காலை, பெண் வங்கி ஊழியர் ஒருவரை மர்ம நபர் அரிவாளால் வெட்டினார். தாக்குதல் முழுவதும் கேமராவில் பதிவாகி, நாடெங்கும் தொலைக்காட்சிகளில் ஒளிபரப்பானது. ஆயினும் அந்த நபர் ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தில் பிடிபட்டது 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான். கேமரா இருப்பதால் மட்டும் குற்றம் தடுக்கப்படுவதில்லை. நடந்ததைப் பின்னர் எடுத்துரைக்கும் சாட்சியாகவே அது பெரும்பாலும் பயன்படுகிறது. அந்தச் சாட்சி தெளிவாக இருப்பது பொருத்தும் முறையைப் பொறுத்தது.

100 பேருக்கு மேல் ஒரே நேரத்திலோ, 500 பேருக்கு மேல் ஒரே நாளிலோ கூடும் இடங்களில் கேமரா பொருத்தி, 30 நாள் பதிவைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டின் கர்நாடகப் பொதுப் பாதுகாப்புச் சட்டம். சாதாரண வீடுகளுக்கு இக்கட்டாயம் இல்லை. எனவே எங்கு, எத்தகைய கேமரா என்பதை வீட்டு உரிமையாளரே முடிவு செய்ய வேண்டியுள்ளது.

இடமும் உயரமும்

பெங்களூருவில் பரவலாகக் காணப்படும் 30-க்கு 40 அடி மனை வீடுகளில் கேட், முன்வாசல், வெளிப்புறப் படிக்கட்டு, பின்கதவு ஆகியவையே முதன்மையாகக் கவனிக்க வேண்டிய வழிகள். கேமராவை 8 முதல் 10 அடி உயரத்தில் பொருத்துவது நல்லது. மொட்டை மாடி விளிம்பில் பொருத்தினால் வருபவரின் தலையும் தொப்பியும் மட்டுமே பதிவாகும். மிகத் தாழ்வாக இருந்தால் கையால் எளிதில் திருப்பிவிடலாம்.

லென்ஸ் கணக்கு

அறிமுகமற்ற ஒருவரின் முகத்தை அடையாளம் காண, காட்சியின் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல்கள் தேவை என்பது சர்வதேச அளவுகோல். 2 மெகாபிக்சல் கேமராவின் காட்சி 1,920 பிக்சல் அகலம் கொண்டது. அதாவது, சுமார் 7.7 மீட்டர் அகலம் வரையே முகம் தெளிவாகத் தெரியும். பரந்த காட்சி தரும் 2.8 மி.மீ. லென்ஸில் இந்தத் தெளிவு ஏறத்தாழ 3 மீட்டர் தொலைவுடன் முடிந்துவிடும். 6 மி.மீ. லென்ஸில் 8 மீட்டர் வரை கிடைக்கும். ஆகவே வாசலுக்கு அகலக் கோண லென்ஸும், சற்றுத் தள்ளியிருக்கும் கேட்டுக்குக் குறுகிய கோண லென்ஸும் பொருத்தமானவை.

வெளிச்சமும் மின்சாரமும்

வீட்டுக்குள்ளிருந்து கிழக்கு வாசலை நோக்கும் கேமராவில், காலை வெயிலின்போது உள்ளே வருபவரின் முகம் கருநிழலாகிவிடும். இதைச் சமன்செய்யும் டபிள்யூடிஆர் வசதி கொண்ட கேமரா இங்கு அவசியம். இரவில் அகச்சிவப்பு ஒளி அருகிலுள்ள சுவரிலும் கண்ணாடியிலும் பட்டுத் திரும்பினால் காட்சி வெளிறிப்போகும். சிலந்தி வலையாலும் இதே சிக்கல் நேரும். மின்வெட்டின்போது பதிவு நிற்காமலிருக்க கேமரா, ரெக்கார்டர், இணைய ரவுட்டர் மூன்றையும் யுபிஎஸ் இணைப்பில் வைக்க வேண்டும்.

எத்தனை நாள் பதிவு?

விநாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் தொடர்ந்து பதிவு செய்யும் ஒரு கேமராவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 22 ஜிபி இடம் தேவை. நான்கு கேமராக்கள் இருந்தால் 1 டிபி வன்தட்டு 12 நாள்களுக்குள் நிரம்பி, பழைய பதிவுகள் அழியத் தொடங்கும். இரண்டு வாரம் ஊருக்குச் சென்று திரும்பும் குடும்பத்துக்கு, புறப்பட்ட நாளின் பதிவு கிடைக்காது. 30 நாள் பதிவு வேண்டுமெனில் 3 டிபி அளவாவது தேவை. ரெக்கார்டரை வரவேற்பறையில் கண்ணில் படும்படி வைத்தால், திருடர்கள் அதையும் எடுத்துச் சென்றுவிடக்கூடும்.

கடவுச்சொல்லும் தரச்சான்றும்

தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் கைப்பற்றியே, 2016-இல் 'மிராய்' என்ற தீநிரல் உலக அளவில் இணையச் சேவைகளை முடக்கியது. எனவே கேமரா பொருத்தியவர் அமைத்துத் தரும் கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிட வேண்டும். சிசிடிவி கேமராக்களுக்கு மத்திய அரசின் கூடுதல் பாதுகாப்புப் பரிசோதனை விதிகள் 2025 ஏப்ரல் 9 முதல் நடைமுறைக்கு வந்துள்ளதால், வாங்கும்போது பிஐஎஸ் பதிவு எண்ணைச் சரிபார்ப்பது நல்லது.

பிறர் தனியுரிமை

தனியுரிமை அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017-இல் தீர்ப்பளித்தது. பெண்ணின் அந்தரங்கச் செயலை அவர் அறியாமல் படம்பிடிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவின்படி குற்றம். கீழ்த்தளத்தில் உரிமையாளரும் மேல்தளங்களில் வாடகைதாரரும் வசிக்கும் வீடுகளில், கேமரா வாடகைதாரரின் கதவுக்குள்ளோ பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள்ளோ நோக்கக் கூடாது. அப்பகுதியைக் காட்சியிலிருந்து மறைக்கும் வசதி பெரும்பாலான ரெக்கார்டர்களில் உள்ளது.

சாட்சியமாக ஏற்கப்பட...

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆவது பிரிவின்படி, மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றத்தில் அளிக்கும்போது உரிய சான்றிதழும் இணைக்கப்பட வேண்டும். குற்றம் நிகழ்ந்தால் 112 எண்ணில் காவல்துறைக்குத் தகவல் தெரிவித்து, பதிவு அழியுமுன் நகலெடுத்து, ரெக்கார்டரை மாற்றமின்றி வைத்திருப்பது முக்கியம். ரெக்கார்டரின் தேதியும் நேரமும் சரியாக இருக்கின்றனவா என்பதை மாதம் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

கேமரா பொருத்திய அன்றிரவே எளிய சோதனை ஒன்றைச் செய்யலாம். குடும்பத்தினர் ஒருவர் தொப்பி அணிந்து கேட்டிலிருந்து வாசல் வரை நடந்து வரட்டும். நேரலையில் அல்லாமல், சேமிக்கப்பட்ட பதிவில் அவர் முகம் தெளிவாகத் தெரிகிறதா எனப் பார்க்க வேண்டும். தெரியாவிட்டால், பொருத்தியவர் கிளம்புவதற்கு முன்பே கோணத்தை மாற்றிக்கொள்வது எளிது.