தீனி எடுக்காத காவல் நாய்க்கு டானிக் தேவையா?

தோட்டத்துக் காவல் நாய் இரண்டு வேளை சோற்றைத் தொடாவிட்டால், உடனே சத்து டானிக் வாங்கி வந்து வாயைப் பிளந்து ஊற்றுவது பலரது வழக்கம். இது ஆபத்தானது. எச்சில் ஒழுகி, தாடை தொங்கி, தொண்டையில் எலும்பு சிக்கியதுபோல் நாய் திணறினால் அது வெறிநோயாக இருக்கலாம். வாயில் கைவிடாமல், கதவைச் சாத்தி அடைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரை அழையுங்கள். கையில் எச்சில் பட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

அக்குறிகள் இல்லையெனில் ஈறுகளைப் பார்க்கலாம். வெளுத்திருந்தால் குடற்புழுவோ உண்ணிக் காய்ச்சலோ காரணமாகலாம். காதின் உட்புறத்திலும் விரல் இடுக்கிலும் உண்ணி ஒளிந்திருக்கும். இவற்றுக்குச் சிகிச்சை செய்யாமல் டானிக் மட்டும் கொடுத்துப் பயனில்லை.

தேறிவரும் நாய்க்கு வெதுவெதுப்பான சோற்றில் அவித்த முட்டையோ, வேகவைத்த ஈரல் சிறிதளவோ பிசைந்து வைத்தால் வாசனைக்கே தின்னத் தொடங்கும். குழம்புச் சோறு வேண்டாம். நம் வீட்டுக் குழம்பில் வெங்காயம் இல்லாத நாள் ஏது? வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். ஈரல் டானிக், பி-காம்ப்ளெக்ஸ் முதலியவற்றை மருத்துவர் சொல்லும் அளவில் இத்தருணத்தில் கொடுக்கலாம்.