ஒரு வாய்ச் சோற்றுக்கான போராட்டம்

வாய், தொண்டைப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் பலருக்கு விழுங்குவதே பெரும்பாடு. சிகிச்சைக்கு முன்பே பயிற்சியைத் தொடங்கினால் அவதி குறையும்.

புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுவது நம் வீடுகளில் வழக்கம். வாய், தொண்டைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவருக்கோ அது அபாய அறிவிப்பு. இரைப்பைக்குப் போக வேண்டிய கஞ்சி நுரையீரலை எட்டினால் நிமோனியாவில் முடியலாம்.

பாதிக்கப்படுபவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு தரும் மதிப்பீட்டின்படி, 2022இல் மட்டும் இந்தியாவில் சுமார் 1.43 லட்சம் பேருக்குப் புதிதாக வாய்ப் புற்றுநோய் வந்தது. புகையிலையும் பாக்கும்தான் முக்கியக் குற்றவாளிகள்.

விழுங்குவது நாம் யோசிக்காமல் செய்யும் காரியம். நாக்கு உணவைப் பின்னால் தள்ளுகிறது. குரல்வளை மேலெழும்பி மூச்சுப் பாதையை மூடுகிறது. தொண்டையில் எல்லாம் ஏறக்குறைய ஒரு நொடியில் முடிந்துவிடும். அறுவை சிகிச்சையில் நாக்கின் ஒரு பகுதி போனால் தள்ளும் சக்தி குறைகிறது. ஆறேழு வாரக் கதிர்வீச்சில் வாய் புண்ணாகி, உமிழ்நீர் வற்றி, தசைகள் நார்போல் இறுகுகின்றன. சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் கழித்துக்கூட இந்த இறுக்கம் தலைகாட்டலாம்.

வலிக்குப் பயந்து பலர் மூக்குக் குழாயே போதும் என்று இருந்துவிடுகிறார்கள். சிக்கலே அங்குதான். குழாய் உயிரைக் காக்கிறது. ஆனால் வேலையில்லாத தொண்டைத் தசை நலிந்துவிடுகிறது. அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம் 497 நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவு இதையே உணர்த்துகிறது: கதிர்வீச்சுக் காலத்திலும் வாய்வழியே முடிந்ததைச் சாப்பிட்டு, பயிற்சியையும் விடாதவர்களே பிற்பாடு நன்றாகச் சாப்பிட்டார்கள்.

பயிற்சிகளுக்குச் செலவில்லை. முழு பலத்தையும் கூட்டி எச்சிலை அழுத்தி விழுங்குவது ஒன்று. மல்லாந்து படுத்து, தோளைத் தூக்காமல் தலையை மட்டும் உயர்த்திக் கால்விரல்களைப் பார்ப்பது இன்னொன்று. பல்வரிசைகளுக்கிடையே மூன்று விரல்களைச் செங்குத்தாக வைக்க முடியாவிட்டால் வாய் இறுகுகிறது என்று பொருள். ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கி, நாளுக்கு நாள் ஒன்றாகக் கூட்டி, வாயைத் திறக்கப் பழக்குகிறார்கள். யாருக்கு எது, எத்தனை முறை என்பதைப் பயிற்சியாளர்தான் சொல்ல வேண்டும்.

குடும்பத்தார் செய்யும் பெரிய தவறு, புரையேறியதும் தண்ணீர் கொடுப்பது. பலவீனமான தொண்டைக்குத் தண்ணீர்தான் மிகவும் ஆபத்து. அது வேகமாக ஓடி, மூடாத மூச்சுப் பாதைக்குள் நுழைந்துவிடும். செம்பைத் தூக்கி அண்ணாந்து குடிக்கும் நம் பழக்கம் இன்னும் மோசம். பலருக்குத் தாடையை மார்பை நோக்கித் தாழ்த்துவதே பாதுகாப்பு. நாக்கை இழந்த சிலருக்கு மட்டும் இதற்கு நேர்மாறான நிலை உதவும். பேரியம் கலந்த உணவைக் கொடுத்து எக்ஸ்-ரேயில் பார்த்தால் எது பொருந்தும் என்று தெரியும்.

ரசம் சாதமும் நம்பத்தக்கதல்ல. சோறும் நீரும் தனித்தனியே பிரிவதால் தொண்டை தடுமாறும். மசித்த பருப்புச் சாதம், கெட்டித் தயிர், ராகிக் கூழ் பரவாயில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, சின்னக் கவளங்களாக, பேச்சும் டிவியும் இல்லாமல் சாப்பிட வேண்டும். சாப்பிட்டபின் அரைமணி நேரம் படுக்கக் கூடாது.

இருமாமலும் புரையேறலாம் என்பதுதான் விபரீதம். விழுங்கியபின் குரல் களகளப்பது, காரணமில்லாத காய்ச்சல், எடை குறைவது ஆகியவை எச்சரிக்கைகள். தண்ணீர் எளிதில் இறங்கி, சோறு மட்டும் நெஞ்சில் அடைத்தால் கோளாறு உணவுக் குழாயில் இருக்கலாம். அதற்குப் பயிற்சி உதவாது. அடைப்பை விரிக்கும் உலோக ஸ்டென்ட் போன்ற வழிகள் உண்டு.

மும்பை டாடா நினைவு மருத்துவமனை போன்ற பெரிய மையங்களில் விழுங்கும் பயிற்சியாளர்கள் உண்டு. பேச்சுக் கோளாறுகளுக்கான மைசூர் தேசிய நிறுவனம் 1965இலேயே தோன்றிவிட்டது. ஆனாலும் பயிற்சி பெற்றவர்கள் பெருநகரங்களிலேயே குவிந்திருக்கிறார்கள். எனவே நோயாளியும் குடும்பமும் முதல் கதிர்வீச்சுக்கு முன்பே டாக்டரிடம் கேட்க வேண்டும்: "விழுங்கும் பயிற்சி எங்கே கிடைக்கும்?" கட்டி கரைவது பாதி வெற்றிதான். வீட்டாரோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட முடிவது மீதிப் பாதி.