கைக்கு ஏற்ற கையுறை

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில், தூய்மைப் பணியாளராக இருந்த அக்காவுக்கு ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்தோம். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் கையுறை சன்னல் கம்பியில் தொங்குகிறது. அக்கா வெறுங்கையோடு கழிப்பறையில் ஆசிட் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

"ஏன்க்கா, உறை போடலையா?" என்றேன்.

"போட்டா பிரஷ் கைல நிக்க மாட்டேங்கு சார். விரல் நுனியெல்லாம் தொங்குது. ஆசிட்டும் உள்ள போயிருது" என்றார்.

எடுத்துப் பார்த்தேன். அதில் 10 என்று அளவு அச்சிட்டிருந்தது. அவருடையதோ சிறிய கை. செருப்பு வாங்கினால் அளவு கேட்கும் நாம், கையுறைக்கும் அளவு உண்டு என்று நினைக்கவே இல்லை.

திருவேங்கடம் வட்டாரத்துக் கரிசல் காடுகளில் பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் மருந்தடிப்பவர்கள், சீமைக்கருவேல முள் வெட்டுபவர்கள், ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்பவர்கள் எல்லாரும் நம் மாணவர்களின் பெற்றோர்கள்தாம். எனவே சரியான கையுறையைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பது வகுப்பறையில் பேச வேண்டிய செய்தி.

கையுறையின் கதை

அறுவை சிகிச்சையில் ரப்பர் கையுறை புகுந்தது நோயாளிக்காக அல்ல. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கரோலின் ஹாம்ப்டன் என்ற செவிலியரின் கைகள், கிருமிநாசினியாகப் பயன்பட்ட பாதரசக் குளோரைடு பட்டுப் புண்ணாயின. அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் 1889-90 குளிர்காலத்தில் குட்இயர் ரப்பர் நிறுவனத்திடம் சொல்லி அவருக்காக மெல்லிய கையுறைகளைச் செய்வித்தார். தடித்த உறையை மாட்டிக்கொண்டு கருவிகளை எடுத்துத் தர முடியாது. வேலை செய்பவரின் கையையும் அவர் செய்யும் வேலையையும் பார்த்துச் செய்ததால்தான் அது பயன்பட்டது.

அளவு எடுப்பது எப்படி?

அதிகம் பயன்படுத்தும் கையை விரித்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலை விட்டுவிட்டு, மற்ற நான்கு விரல்களின் அடிமுட்டுகளை ஒட்டி உள்ளங்கையைச் சுற்றி அளவுநாடாவை இறுக்காமல் பிடியுங்கள். நாடா இல்லையென்றால் நூலைச் சுற்றி, அதை அளவுகோலில் வைக்கலாம். இது சுற்றளவு. பிறகு நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டு மடிப்பு வரை அளந்தால் நீளம். பன்னாட்டுத் தர அளவுகள் இவை:

அளவு 6: சுற்றளவு 152 மி.மீ., நீளம் 160 மி.மீ.
அளவு 7: சுற்றளவு 178 மி.மீ., நீளம் 171 மி.மீ.
அளவு 8: சுற்றளவு 203 மி.மீ., நீளம் 182 மி.மீ.
அளவு 9: சுற்றளவு 229 மி.மீ., நீளம் 192 மி.மீ.
அளவு 10: சுற்றளவு 254 மி.மீ., நீளம் 204 மி.மீ.

சுற்றளவுக்கு ஓர் அளவும் நீளத்துக்கு வேறோர் அளவும் வந்தால் பெரியதை எடுத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். இந்த அளவு எண் எங்கிருந்து வந்தது என்று மாணவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சுற்றளவையும் 25.4ஆல் வகுத்தால் விடை கிடைத்துவிடும். அளவு எண் என்பது அங்குலத்தில் சுற்றளவுதான்!

போட்டுப் பார்த்து வாங்குவோம்

அட்டவணை வழிகாட்டும், முடிவு கையில்தான் இருக்கிறது. கையுறையைப் போட்டு முட்டியை மடக்குங்கள். புறங்கையில் விறைத்து இழுத்தால் அது சிறியது. இறுக்கமான உறையில் கை விரைவில் சோர்ந்துபோகும், உறையும் கிழியும். விரல் நுனிக்கு அப்பால் உறை மடிந்து தொங்கினாலோ, விரல் இடுக்குகளில் இடைவெளி தெரிந்தாலோ அது பெரியது. பிடி நழுவும், உறையின் நுனி எதிலாவது மாட்டும். கடைசியாக, மேசைமேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து எடுத்துப் பாருங்கள். மெல்லிய உறைக்கு இது நல்ல சோதனை. தடித்த தோல் உறை என்றால் அரிவாளையோ மண்வெட்டியையோ பிடித்துப் பார்க்க வேண்டும்.

வேலைக்கு ஏற்ற உறை

அளவு சரியாக இருந்தாலும் பொருள் தவறாக இருந்தால் பயனில்லை. முள்ளுக்கும் வெல்டிங்குக்கும் தோல் உறை. எண்ணெய், கிரீஸ் படும் வேலைக்கு நைட்ரைல் உறை. இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊறிக் கெட்டுவிடும். சிலருக்கு இயற்கை ரப்பரால் ஒவ்வாமையும் வரும். மின்வேலைக்கு ஐ.எஸ். 4770 தரத்துக்கு உட்பட்ட மின்காப்பு உறை மட்டுமே. பாத்திரம் கழுவும் ரப்பர் உறையை நம்பி மின்கம்பியைத் தொடக் கூடாது.

மருந்தடிக்கும்போது துணி உறை போடுவது வெறுங்கையைவிட மோசமாகவும் முடியலாம். துணி மருந்தை உறிஞ்சி, தோலோடு ஒட்டியே வைத்திருக்கும். 2018இல் படைப்புழு வந்த பிறகு நம் பக்கம் மக்காச்சோளத்துக்கும் மருந்து அதிகமாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டுதான் மகாராஷ்டிரத்தின் யவத்மாள் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த சுமார் 20 பேர் நஞ்சேறி இறந்தனர். மூச்சு வழியாக மட்டுமல்லாமல் தோல் வழியாகவும் மருந்து உடலுக்குள் செல்லும். திரவம் ஊடுருவாத, முன்கையின் பாதிவரை நீளும் கையுறை வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் கூறுகின்றன. அந்த நீளத்தை யாரும் பார்த்து வாங்குவதில்லை.

கையைத் தாழ்த்தி அடிக்கும்போது சட்டைக் கை உறைக்கு வெளியே இருக்கட்டும். உயர்த்தி அடிக்கும்போது உறைக்குள் இருக்கட்டும். அப்போதுதான் வழியும் மருந்து உள்ளே இறங்காது. வேலை முடிந்ததும் உறையோடு கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பிறகே கழற்ற வேண்டும். அடுத்த முறை போடுமுன் உறைக்குள் காற்றை அடைத்து, வாயை முறுக்கி அழுத்தினால் ஓட்டை தெரிந்துவிடும்.

இன்னொன்று: விடுமுறை நாளில்கூடப் பிள்ளைகளை மருந்து கலக்கவோ அடிக்கவோ அனுப்பக் கூடாது என்று பெற்றோரிடம் சொல்லுங்கள். எந்த உறை போட்டாலும் அது அவர்களுக்கான வேலை அல்ல.

உறை போடக் கூடாத இடங்கள்

லேத், டிரில்லிங் மெஷின் போன்று சுழலும் இயந்திரங்களில் கையுறையே கூடாது. உறையின் ஒரு நூல் மாட்டினாலும் கையையே உள்ளே இழுத்துவிடும். தொழிற்கல்விப் பிரிவு மாணவர்களுக்கு இதை முதல் நாளே சொல்ல வேண்டும். மோதிரம், கயிறு, கைக்கடிகாரம் ஆகியவற்றுக்கும் இதே விதி.

பட்டாசு ஆலைக்குச் செயற்கை இழை உறை ஆகாது. உராய்வில் நிலைமின்சாரம் உண்டாகும். வெடிமருந்துக்கு ஒரு பொறி போதும். அங்கே பருத்தி உடையை வலியுறுத்துவதன் காரணத்தை நிலைமின்சாரப் பாடத்தோடு சேர்த்தே சொல்லலாம்.

பள்ளியில் என்ன செய்யலாம்?

அளவைகள் பாடம் நடத்தும் நாளில் மாணவர்கள் வீட்டில் உள்ளவர்களின் கையை நூலால் அளந்து வரட்டும். அம்மாவுக்கு எந்த அளவு, அப்பாவுக்கு எந்த அளவு என்று குறிப்பேட்டில் எழுதி வீட்டிலும் சொல்லட்டும். ஒரே வீட்டிலேயே இரண்டு மூன்று அளவுகள் வருவதை அவர்களே பார்ப்பார்கள். ஆய்வகத்துக்கும் தூய்மைப் பணிக்கும் உறை வாங்கும்போது, பயன்படுத்தப்போகிறவரின் அளவைக் கேட்டு எழுதிக்கொண்டு கடைக்குப் போவோம்.

அக்காவின் கையை நாங்களும் நூலால்தான் அளந்தோம். சுற்றளவு 174 மி.மீ. வந்தது. அளவு 7இல், முன்கை வரை நீளும் உறை வாங்கினோம். விலையில் பெரிய வேறுபாடு இல்லை. அதன்பின் அந்த உறை சன்னலில் தொங்கி நான் பார்த்ததெல்லாம், வேலை முடிந்து கழுவிக் காயப்போட்ட நேரத்தில் மட்டும்தான்.