கூத்தும் பேராசிரியர் வித்தியானந்தனும்

மட்டக்களப்பிலே வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்துக்களும் தலைமுறை தலைமுறையாய் ஆடப்பட்டு வந்தன. எனினும், கற்றோர் சபையிலே அவற்றுக்கு நெடுங்காலம் இடமிருக்கவில்லை. ஏடறியாதார் பொழுதுபோக்கென்று அவற்றை ஒதுக்கினோருள் எம் போன்ற ஆசிரியரும் அடங்குவர் என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். அவ்வெண்ணத்தை மாற்றியோருள் முதற்கண் வைத்து எண்ணத்தக்கவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள்.

யாழ்ப்பாணத்து வீமன்காமத்திலே 1924இல் பிறந்த இவர், பத்துப்பாட்டை ஆராய்ந்து 1950இல் இலண்டன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 'தமிழர் சால்பு' என்னும் நூலின் ஆசிரியர். சங்கப் புலமை மிக்க ஒருவர் கூத்தின்பாற் சென்றது எங்ஙனம்? பேராதனையிலே பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை பேச்சுத் தமிழில் எழுதிய நாடகங்களை மேடையேற்றி அரங்கப் பழக்கம் பெற்றிருந்தார். 1956இல் அங்கு ஆசிரியராயிருந்த எதிரிவீர சரச்சந்திர 'மனமே' நாடகத்தை அரங்கேற்றினார். சிங்கள நாடகம தமிழ்க் கூத்தோடு உறவுடையது. உறவினர் வீட்டிலே விளக்கு ஏற்றப்பட்டபின் நம் வீட்டு இருள் நமக்குத் தெரிவது இயல்பே.

1962இல் 'கர்ணன் போர்', 1963இல் 'நொண்டி நாடகம்', பின்னர் 'இராவணேசன்', 'வாலிவதை' ஆகியன பல்கலைக்கழக மாணவரைக்கொண்டு மேடையேறின. வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் ஆட்டம் பயிற்றினார். மட்டக்களப்பிலிருந்து சென்ற மாணவரான சி. மௌனகுரு முன்னின்று ஆடினார். 'இராவணேசன்' எழுதியவரும் அவரே.

இதன் அருமையை அறியக் களரியின் இயல்பை அறிதல் வேண்டும். வட்டக்களரியைச் சூழ நாற்புறமும் சனங்கள் இருப்பர். அண்ணாவியார் மத்தளத்தோடு களரியின் நடுவே நிற்பார். அருகே சல்லரியும் பிற்பாட்டுக்காரரும். ஒவ்வொரு பாத்திரமும் வரவு பாடி, எல்லாத் திக்கினருக்கும் தன்னைக் காட்டி ஆடும். ஆகவே கூத்து விடியும்வரை செல்லும். படச்சட்ட மேடையிலோ ஒரு பக்கத்திலேதான் சபை. நடுவில் அண்ணாவியார் நின்றால் ஆடுவோர் மறைவர். எனவே அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் மேடையின் ஓரத்துக்கு மாற்றப்பட்டனர். வரவுகள் சுருங்கின, திரும்பத் திரும்ப வருவன நீங்கின, தாளக்கட்டும் ஆட்டமும் காக்கப்பட்டன. ஓரிரவுக் கூத்து ஏறத்தாழ ஒன்றரை மணிநேரத்துள் அடங்கிற்று. கர்ணனின் மனப்போராட்டத்தைக் கற்றோர் அமர்ந்திருந்து கண்டனர்.

இதிலே இழப்பில்லை என்று நாம் கூறோம். தன் மகன் வரவுக்காகச் சாமம் கடந்தும் விழித்திருக்கும் தாய்க்கு ஒன்றரை மணிநேரக் கூத்து என்ன கூத்து? ஆயினும் அச்சுருக்கம் நிகழாதிருப்பின் பாடசாலைகளுக்குள் கூத்து நுழைந்திராது. கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராயிருந்து பாடசாலைகளிடையே கூத்துப் போட்டிகளை நடத்துவித்தவரும் பேராசிரியரே. கிராமத்து ஏடுகளிற் கிடந்த நாடகங்கள் சிலவற்றைப் பதிப்பித்தும் உதவினார். 1979இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதற் துணைவேந்தரானார், 1989இல் மறைந்தார். பதவிகளைப் பற்றிப் பிறர் நிறைய எழுதியுள்ளனர். இங்கு விரிக்க வேண்டுவதில்லை.

நம் கல்லூரி மண்டபத்திலே கூத்துப் பழக்கும்போது, படுவான்கரையிலிருந்து வரும் பிள்ளைகள் முதலில் நாற்றிசையும் திரும்பியே ஆடுவர். "சபை முன்னாலேதான், தம்பி" என்று நாம் திருத்துவோம். இதே திருத்தத்தைப் பேராதனையிலே கேட்டபோது செல்லையா அண்ணாவியார் முகம் எப்படியிருந்திருக்கும் என்று அவ்வேளைகளில் எண்ணிக்கொள்வதுண்டு.