பிரசங்கியும் அதிகப்பிரசங்கியும்

1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் 25 வயது இளைஞர் ஒருவர் பேச எழுந்தார். கோயிலில் உட்கார்ந்து கேட்பது அந்த ஊருக்குப் புதிதில்லை. புராணபடனம் காலங்காலமாக நடந்து வந்தது. ஒருவர் செய்யுளைப் படிப்பார், இன்னொருவர் அதற்குப் பொருள் சொல்வார். இந்த இளைஞரின் வழி வேறு. ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொண்டார். எதிரே இருப்பவர்களைப் பார்த்து, அவர்கள் மனத்தைத் திருப்பும் நோக்கத்தோடு உரைநடையில் பேசினார். வெள்ளிதோறும் அது தொடர்ந்தது. கொல்லாமை, குடியின் கேடு, தானம், சிவ வழிபாடு என்று பொருள்கள் மாறிக்கொண்டே இருந்தன.

அவர் ஆறுமுக நாவலர். அந்தப் பேச்சுக்குப் பெயர் பிரசங்கம்.

இந்த முறையை அவர் பார்த்துக் கற்ற இடம் கிறிஸ்தவ மிஷன் பள்ளி. பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் வெஸ்லியன் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, பைபிளின் தமிழ் மொழிபெயர்ப்புக்கும் துணை நின்றவர் நாவலர். வாரந்தோறும் குறித்த நேரத்தில் சபையைக் கூட்டிப் பாதிரிமார் பேசுவதன் வலிமையை அருகிலிருந்தே அறிந்தார். அதே வலிமையைச் சைவத்துக்குத் திருப்பினார். அச்சு இயந்திரம் வாங்க 1849இல் தமிழகம் வந்தபோது, அவருடைய பேச்சைக் கேட்ட திருவாவடுதுறை ஆதீனம் 'நாவலர்' என்ற பட்டம் தந்தது. எத்தனையோ நூல்களைப் பதிப்பித்தவரை இன்றுவரை நாம் அழைக்கும் பெயர், அவர் நாவுக்குக் கிடைத்த பட்டம்தான்.

வடமொழியில் பிரசங்கம் என்பதற்குத் தொடர்பு, சந்தர்ப்பம் என்ற பொருள்கள் உண்டு. இந்தியிலும் மராத்தியிலும் 'பிரசங்' என்றால் இன்றும் சந்தர்ப்பம், நிகழ்ச்சி. கன்னட நாட்டு யட்சகானத்தில் ஆடப்படும் கதையைப் பிரசங்கம் என்பார்கள். தமிழிலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் அது கூட்டத்தின் முன் நிகழ்த்தும் பேச்சாகிவிட்டது. தமிழ்ப் புராட்டஸ்தாந்து சபைகள் சொல்லை இறுகப் பற்றிக்கொண்டன. போதகர் நிற்பது பிரசங்கபீடம். ஏசு மலைமேல் பேசியது மலைப்பிரசங்கம். பழைய ஏற்பாட்டில் ஒரு நூலுக்கே 'பிரசங்கி' என்று பெயர். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் அந்த நூலைச் 'சபை உரையாளர்' ஆக்கியது. கத்தோலிக்கர்களுக்கு மலைப்பிரசங்கம் மலைப்பொழிவு, பூசையில் கேட்பது மறையுரை.

நாவலரின் பிரசங்கத்துக்கு ஓர் எல்லை இருந்தது. சாதி ஆசாரத்தில் அவர் இறுக்கமானவர். ஊர் முழுவதையும் உட்கார வைத்துப் பேசுவது அவருடைய நோக்கமாக இருக்கவில்லை. அந்த எல்லையைத் தாண்ட இன்னும் அறுபது ஆண்டுகள் ஆயின.

தாண்டிய இடம் தூத்துக்குடி. 1908 பிப்ரவரியில் வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கோரல் மில் தொழிலாளர்களிடம் தமிழிலேயே பேசினார்கள். அதுவரை அரசியல் என்றால் பெரும்பாலும் ஆங்கிலம்; படித்தவர்கள் படித்தவர்களோடு பேசிக்கொள்ளும் காரியம். இப்போது நூல் நூற்கும் கைகளைப் பார்த்து ஒரு வக்கீல் கூலியைப் பற்றியும் சுயராஜ்யத்தைப் பற்றியும் பேசினார். பிப்ரவரி 27இல் வேலைநிறுத்தம் தொடங்கியது. மார்ச் தொடக்கத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. மார்ச் 12இல் இருவரும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. போலீஸ் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள்.

வழக்கு முழுக்கப் பேச்சைப் பற்றியதே. மேடையில் என்ன பேசினார்கள் என்பதற்குப் போலீஸார் எடுத்த குறிப்புகளே முக்கியமான சாட்சியம். ஜூலை 7இல் நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். சிவாவுக்குப் பத்து ஆண்டுகள். சிதம்பரம் பிள்ளைக்கு அரச நிந்தனைக்காக ஓர் ஆயுள் தண்டனை, சிவாவுக்குத் துணை நின்றதற்காக இன்னோர் ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் குறைந்தது என்றாலும், 1912 இறுதி வரை அவர் சிறையில் கிடந்தார். அங்கே அவர் செக்கிழுத்த கதையை எல்லாப் பள்ளிக்கூடத்திலும் சொல்கிறோம். அந்தச் செக்கு பேச்சுக்குக் கிடைத்த தண்டனை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பத்தாண்டு கழித்துச் சென்னைப் பெரம்பூரிலும் தொழிலாளர்களை நோக்கித் தமிழ் மேடை எழுந்தது. 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. தலைவர் பி.பி.வாடியா பம்பாய்ப் பார்சி, ஆங்கிலத்தில் பேசுபவர். ஆலைத் தொழிலாளர்களின் காதுக்குத் தமிழில் பேசும் வேலை திரு.வி.க. போன்றவர்களுடையதாயிற்று. தமிழாசிரியராக இருந்து பத்திரிகை ஆசிரியரான அவர் நடையில் செந்தமிழ் மேடை ஏறியது.

மேடை பெருகப் பெருக, பிரசங்கம் என்ற சொல் அதிலிருந்து இறங்கியது. 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும், பின்னால் வந்த திராவிட இயக்கமும் வடசொற்களை ஒதுக்கியபோது அதன் இடத்தில் சொற்பொழிவு உட்கார்ந்தது. அண்ணா 1943இல் கம்பராமாயணம் குறித்து ரா.பி.சேதுப்பிள்ளையோடும் சோமசுந்தர பாரதியாரோடும் மோதிய காலத்தில், இளைஞர்கள் சொற்பொழிவு கேட்க நடையாய் நடந்தார்கள். பிறகு உரை வந்தது. தலைமையுரை, சிறப்புரை, எழுச்சியுரை, நன்றியுரை என்று அழைப்பிதழில் ஆளுக்கு ஒன்று. கேரளத்திலும் ஆந்திரத்திலும் முதலமைச்சர் பேசினால் இன்றும் அது பிரசங்கம்தான். தமிழ்நாட்டில் தேவாலயத்துக்கு வெளியே அந்தச் சொல்லை இன்று கேட்பது ஒரே ஒரு வடிவத்தில்: அதிகப்பிரசங்கி.

"பெரியவங்க பேசிக்கிட்டிருக்கும்போது என்ன அதிகப்பிரசங்கித்தனம்?" இதைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை குறைவு. அதிகமாகப் பேசுபவர் என்பதே நேர்ப்பொருள். ஆனால், மூன்று மணி நேரம் மைக்கை விடாத தலைவரை யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஒரே ஒரு வாக்கியம் பேசிய மருமகளைச் சொல்வார்கள். கணக்கில் தப்பு இருக்கிறது என்று சுட்டிக்காட்டிய மாணவனைச் சொல்வார்கள். சொல்லாமலே ஒரு வேலையைச் செய்துவிட்ட புதிய ஊழியரையும் சொல்வார்கள். எவ்வளவு பேசினார் என்பதை இந்தச் சொல் அளப்பதில்லை. பேச அவருக்கு உரிமை உண்டா என்றுதான் கேட்கிறது. இது எப்போதும் மேலிருந்து கீழே விழும் சொல்.

பெண்கள் மேடையேறியபோது அவர்களைத் தடுத்ததும் இதே எண்ணம்தான். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் தேவதாசி முறையை எதிர்த்து ஊர் ஊராகப் பேசினார். 1938இல் திருச்சியிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இந்தி எதிர்ப்புப் படையோடு நடந்தார். அதே ஆண்டு நவம்பரில் சென்னையில் நீலாம்பிகை அம்மையார் தலைமையில் கூடிய பெண்கள் மாநாடு, ஈ.வெ.ராமசாமிக்குப் 'பெரியார்' என்ற பட்டத்தை உறுதியாக்கியது. அவர்கள் அடங்கியிருந்தால் அந்தப் பட்டத்தைக் கொடுக்க ஒரு மாநாடே இருந்திருக்காது.

தமிழ்நாட்டின் உள்ளாட்சி அமைப்புகளில் 2016 முதல் பாதி இடங்கள் பெண்களுக்கு. கிராம சபையில், ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் எழுந்து பேசலாம். கேள்வி கேட்கலாம், தீர்மானம் முன்மொழியலாம். ஆனாலும் நடுத்தெரு குழாயடியைப் பற்றிக் கேட்க எழும் பெண்ணை, பக்கத்தில் இருப்பவரே முந்தானையைப் பிடித்து உட்கார வைப்பது பல ஊர்களில் நடக்கிறது. அடுத்த கூட்டத்துக்குப் போகிறவர்கள் அந்தக் கையைத் தடுங்கள். அவர் பேசி முடிக்கட்டும். அவர் கேட்டது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.