கணினித் திரைப்பதிவு

கணினித் திரைப்பதிவு என்பது கணினித் திரையில் நிகழ்வனவற்றை, பெரும்பாலும் பேச்சு விளக்கத்துடன், நிகழ்படமாகப் பதிவு செய்வதாகும். ஆங்கிலத்தில் இது ஸ்கிரீன்காஸ்ட் எனப்படுகின்றது. ஒரு மென்பொருளைப் பயன்படுத்தும் விதம், நிரல் எழுதும் முறை போன்றவற்றைக் கற்பிக்கும் நிகழ்படப் பாடங்களில் இது பெரிதும் பயன்படுகின்றது. திரைப்பிடிப்பு ஒரு கணத்தை மட்டும் படமாகக் காட்டும். திரைப்பதிவு செயல்களின் தொடர்ச்சியைக் காட்டும்.

வரலாறு

1990களிலேயே லோட்டஸ் ஸ்கிரீன்கேம் போன்ற திரைப்பதிவு மென்பொருள்கள் இருந்தன. ஸ்கிரீன்காஸ்ட் என்னும் பெயர் 2004 இல் வழக்கிற்கு வந்தது. ஊடகவியலாளர் ஜான் யூடெல் இவ்வகைப் படங்களுக்குப் பெயர் பரிந்துரைக்குமாறு தம் வாசகர்களைக் கேட்டு, வந்தவற்றுள் இப்பெயரைத் தேர்ந்தெடுத்தார். 2005 இல் யூடியூப் தொடங்கப்பட்ட பின்னர் இத்தகைய பாடங்கள் பரவலாயின. ஐஓஎஸ் 11 (2017), ஆண்ட்ராய்டு 11 (2020) ஆகியவற்றிலிருந்து கைபேசிகளிலும் திரைப்பதிவு வசதி உள்ளிணைக்கப்பட்டுள்ளது.

தெளிவின் தேவை

இயற்கைக் காட்சியைக் காட்டும் நிகழ்படம் சற்று மங்கினாலும் பொருள் விளங்கும். திரைப்பதிவில் பொருளைச் சுமப்பவை எழுத்துகள் ஆகும். சி மொழி நிரலில் அரைப்புள்ளி இட வேண்டிய இடத்தில் மாணவர் முக்காற்புள்ளி இட்டால் நிரல் தொகுக்கப்படாது. தமிழில் மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி மறைந்தால் அது அகரமேறிய உயிர்மெய் ஆகிவிடும். இவ்வேறுபாடுகள் திரையில் ஓரிரு படவணுக்களில் (பிக்சல்களில்) அடங்கிவிடுகின்றன. அவை மங்கிய பாடத்தைப் பார்த்து நிரல் எழுதும் மாணவர், பிழை தம்முடையது என்றே எண்ணக்கூடும்.

தெளிவு குறைவதற்கான காரணங்கள்

திரையில் தெளிவாகத் தோன்றும் எழுத்து, நிகழ்படத்தில் மங்குவதற்கு மூன்று முதன்மையான காரணங்கள் உள்ளன.

அளவு மாற்றம்: 1366×768 படவணுக்கள் கொண்ட மடிக்கணினித் திரையைப் பதிவு செய்து 1280×720 அளவுக்குக் குறைத்தால், ஒரு படவணு அகலமுள்ள கோடு இரு படவணுக்களில் பகிரப்பட்டுச் சாம்பல் நிறமாகின்றது. 2560×1440 திரையை 1280×720 ஆக்கும்போது ஒவ்வொரு திசையிலும் சரியாகப் பாதியாகக் குறைவதால் இச்சிக்கல் குறைவு. எனினும் எழுத்துகளும் பாதியளவாகும் என்பதால் அவற்றை முன்னரே பெரிதாக்க வேண்டும்.

நிறத்தகவல் குறைப்பு: பெரும்பாலான நிகழ்பட வடிவங்களில் ஒளிர்வு ஒவ்வொரு படவணுவுக்கும் தனித்தனியே சேமிக்கப்படுகின்றது, நிறமோ நான்கு படவணுக்களுக்கு ஒன்றாகவே சேமிக்கப்படுகின்றது. இதனால் வெண்மையின் மேலுள்ள கருப்பு எழுத்து தெளிவாக இருக்க, ஒளிர்வில் அதிக வேறுபாடில்லாத நீலத்தின் மேலுள்ள சிவப்பு எழுத்து கலங்கித் தெரியும். நிரல் திருத்திகளில் இவ்வாறான நிறச் சேர்க்கைகளைத் தவிர்ப்பது நன்று.

தரவுச் சுருக்கம்: 1920×1080 அளவில், ஒரு படவணுவுக்கு 3 பைட்டுகளாக, நொடிக்கு 30 சட்டகங்களைச் சுருக்காமல் சேமித்தால் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 18.7 கோடி பைட்டுகள் தேவைப்படும். எனவே 2003 இல் வெளியான எச்.264 போன்ற சுருக்க முறைகள் பயன்படுகின்றன. இவை பெரும்பாலும் ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாட்டையே சேமிக்கின்றன. அசையாத திரைக்கு மிகக் குறைந்த தரவு போதும். பக்கத்தை வேகமாக உருட்டும்போதும் சாளரங்களை மாற்றும்போதும் வேறுபாடு திடீரெனப் பெருகுவதால் எழுத்துகள் சில கணங்கள் சிதைகின்றன.

பதிவுக்கு முன் செய்ய வேண்டியவை

* வெளியிட விரும்பும் அளவை முதலில் முடிவு செய்து, திரை, பதிவு, தொகுப்பு, வெளியீடு ஆகிய நான்கிலும் அதே அளவைப் பேணுதல் வேண்டும். ஓபிஎஸ் ஸ்டூடியோ மென்பொருளில் அடிப்படை அளவு, வெளியீட்டு அளவு என இரு அமைப்புகள் உள்ளன. இரண்டையும் ஒன்றாக வைக்க வேண்டும்.
* எழுத்துகளைப் பெரிதாக்க வேண்டும். பதிவில் 1080 படவணு உயரமுள்ள படம், கைபேசியில் ஏறத்தாழ 6.5 செ.மீ. உயரத்தில் காட்டப்படுவதாகக் கொள்வோம். அதில் 16 படவணு உயர எழுத்து 1 மி.மீ. அளவே இருக்கும், 32 படவணு எழுத்து 2 மி.மீ. அளவை நெருங்கும். 16 படவணு எழுத்தையே 720 படவணு உயரத்தில் பதிவு செய்தால் 1.4 மி.மீ. கிடைக்கும். ஆகவே, பெரிய பிரிதிறன் எப்போதும் கூடிய தெளிவைத் தருவதில்லை.
* அறிவிப்புகளை நிறுத்தி, மின்னஞ்சல், கடவுச்சொல் முதலியன தோன்றக்கூடிய சாளரங்களை மூட வேண்டும்.

பதிவின்போது

மென்பொருள் பாடங்களுக்கு நொடிக்கு 30 சட்டகங்கள் போதுமானவை. எக்ஸ்264 குறியாக்கியில் மாறாத் தரக் காரணியைப் பயன்படுத்தினால், திரை அசையும்போது கூடுதல் தரவும் அசையாதபோது குறைந்த தரவும் தானாகவே ஒதுக்கப்படும். இக்காரணியின் இயல்பான மதிப்பு 23. மதிப்பு குறையக் குறையத் தரம் கூடும். எழுத்துகள் நிறைந்த பதிவுக்கு 18 அளவில் வைப்பது பொருத்தமானது. யூடியூப் போன்ற தளங்கள் பதிவேற்றப்படும் படத்தை மீண்டும் சுருக்குவதால், மூலக்கோப்பு இயன்றவரை தரமாக இருப்பது இன்றியமையாதது.

வழமையான எம்பி4 கோப்பில், அதைப் படிப்பதற்குத் தேவையான அட்டவணை பதிவின் முடிவில்தான் எழுதப்படுகின்றது. இடையில் மின்சாரம் நின்றால் முழுப்பதிவும் திறக்க இயலாமல் போகலாம். எம்கேவி வடிவில் அதுவரை பதிவானவை பெரும்பாலும் தப்பும். பின்னர் அதைத் தரம் குறையாமல் எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம்.

சுட்டியைத் தேவையின்றி அசைக்காமல், ஒரு செயலை முடித்தபின் ஓரிரு நொடிகள் நிறுத்துவது கற்பவருக்கு உதவும். ஒலிவாங்கியை வாய்க்கு அருகில் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் அறையின் எதிரொலியும் மூச்சொலியும் குறையும்.

மென்பொருள்கள்

2012 இல் முதலில் வெளியான ஓபிஎஸ் ஸ்டூடியோ ஒரு கட்டற்ற மென்பொருள். விண்டோசு, மேக், லினக்சு ஆகிய மூன்றிலும் இயங்கும். மேக்கில் 2018 இல் வெளியான மோஹாவி பதிப்பு முதல் ஷிப்ட், கமாண்ட், 5 ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தித் திரைப்பதிவைத் தொடங்கலாம். விண்டோசு 11 இன் சினிப்பிங் கருவியில் இவ்வசதி 2023 இல் சேர்க்கப்பட்டது. லினக்சில் எஃப்எஃப்எம்பெக் கொண்டு கட்டளை வரியிலிருந்தும் பதியலாம். ஆனால் அதன் எக்ஸ்11 பிடிப்பு முறை வேலண்ட் திரைச்சூழலுக்குப் பொருந்தாது. அங்கு பைப்வயர் வழியாகப் பதியும் மென்பொருள்களைப் பயன்படுத்தலாம்.

தமிழில்

மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம், கட்டற்ற மென்பொருள்களைக் கற்பிக்கும் ஏறத்தாழ 10 நிமிடத் திரைப்பதிவுகளை உருவாக்கியுள்ளது. ஒரே திரைக்காட்சிக்குத் தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் குரல் சேர்க்கப்படுகின்றது. கற்பவர் திரையின் ஒரு பாதியில் பாடத்தையும் மறு பாதியில் மென்பொருளையும் வைத்துப் பழகுமாறு இப்பாடங்கள் அமைந்துள்ளன. 1366 படவணு அகலத் திரையில் பாதி என்பது 683 படவணுக்கள். 1920 படவணு அகலப் படத்தை அதில் காட்டினால், 16 படவணு எழுத்து 6 படவணுவுக்கும் குறைவாகச் சுருங்கிவிடும். தமிழ் எழுத்தின் புள்ளியும் கொம்பும் அந்த அளவில் தெரிவதில்லை. எனவே பதிவை வெளியிடுமுன், சிறிய திரை ஒன்றில் பாதியளவில் ஓடவிட்டு, ஒவ்வொரு சொல்லும் படிக்கத்தக்கதாக உள்ளதா எனச் சரிபார்ப்பது பயனுள்ள வழக்கமாகும்.